நெகடிவ் இல்லாத கேமராவுடன் மரக்காணத்தில் நான்கு நாள்

காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு லாரியின் பின்பக்கம். தார்ப்பாய் மூடிய உப்பு லாரி. பின்பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லாரி சென்னைப் பக்கம் கிளம்பிப் போனதும் சாலையில் ஓர் ஈரக்கோடு நீண்டது. ஒரு நாய் வந்து அதை நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை உதறியது.

அந்த உதறல்தான் என் முதல் படம். கேமராவைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணில் வைப்பதற்குள் நாய் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. என்னிடம் முன்பு இருந்த சின்ன டிஜிட்டல் கேமரா, பொத்தானை அழுத்தினால் யோசித்து, லென்ஸை வெளியே நீட்டி, மறுபடியும் யோசிக்கும். இது ஆன் செய்த கணத்திலேயே தயாராக இருந்தது.

2005 மே மாதம், செவ்வாய்க்கிழமை. நான் வேலை பார்க்கும் வாரப் பத்திரிகை புதிதாக ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கியிருந்தது. அந்த வகையில் மிகச் சிறியது, விலையும் குறைந்தது. “நிருபர்களே படம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று நாலு நாள் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று ஆசிரியர் என்னிடம் கொடுத்தார். எங்கே போகலாம் என்று எங்கள் போட்டோகிராபர் சேகரிடம் கேட்டேன். “கேமராவுக்குக் கஷ்டமான இடமா வேணும்னா உப்பளத்துக்குப் போ” என்றார். அதில் அக்கறையும் இருந்தது, கொஞ்சம் குறும்பும் இருந்தது. நிருபர்களே படம் எடுக்க ஆரம்பித்தால் அவருக்கு என்ன வேலை?

டீக்கடையில் கேமராவை மேஜைமேல் வைத்தேன். அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தின் எடை. உடம்பு முழுக்க பிளாஸ்டிக். கையில் பிடித்தால் மூன்று விரல்களுக்குத்தான் இடம். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குகிறது. டீ போடுகிறவர் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு வந்தார்.

“டிவியா சார்?”

“இல்லை, பத்திரிகை.”

“எந்த வாரம் வரும்?”

“வராது. கேமராவைச் சோதித்துப் பார்க்க வந்திருக்கிறேன்.”

“அப்ப நான் எதுக்கு சீப்பத் தேடினேன்?” என்று பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் நிற்க முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர். இடையிடையே கால் வைக்கும் அகலத்துக்கு மண் வரப்பு. கிழக்கே சில பாத்திகள் சும்மா கிடந்தன. சுனாமி கொண்டுவந்து போட்ட சேற்றை இன்னும் எடுக்கவில்லை. மற்ற பாத்திகளில் பெண்கள் நீளக் கைப்பிடி போட்ட பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். வடிந்த உப்பைக் கூடையில் சுமந்து போய் அம்பாரத்தில் கொட்டுவது அடுத்த வேலை.

இருபது படம் எடுத்தேன். பின்பக்கத்துத் திரையில் பார்க்கலாம் என்றால் ஒன்றும் தெரியவில்லை. தீப்பெட்டி அளவுத் திரை. அதன்மேல் உப்பளத்து வெளிச்சம் மொத்தமும் விழுகிறது. புடவைக்கு மேலே முழுக்கை சட்டை போட்டிருந்த ஒரு பெண், நான் கேமராவை அப்படியும் இப்படியும் திருப்பித் தவிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நீட்டினாள். துண்டைக் கூடாரம்போல் போட்டுக்கொண்டு நான் குனிந்தேன். அவளும் குனிந்தாள். பக்கத்துப் பாத்தியிலிருந்து இன்னொருத்தியும் ஓடிவந்து தலையை நுழைத்தாள். ஒரு துண்டுக்குள் மூன்று தலை.

“என்னா சார், எங்க உப்பு இம்மாம் அழுக்கா இருக்குது?” என்றாள் முதல் பெண். அவள் பெயர் அஞ்சலை. நாற்பத்தைந்து வயது இருக்கலாம்.

“சாம்பல கொட்டி வச்ச மாதிரி இருக்குதுக்கா” என்றாள் வந்தவள். அவள் மேரி, இளையவள்.

“இத்த மட்டும் மேஸ்திரி பார்த்தாருன்னு வை, நம்மள சுத்தமா வாரலன்னுவாரு.”

உண்மைதான். எதிரே கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. திரையில் மழைக்கால மேகம். சேகருக்குப் போன் செய்தேன்.

“அந்த மீட்டருக்கு வெள்ளைன்னா என்னன்னே தெரியாதுய்யா. எதைக் காட்டினாலும் சாம்பல் நிறம்னு நினைச்சுக்கும். வெளிச்சத்தை ரெண்டு படி ஏத்தி வை.”

“புத்தகத்தில் அப்படிப் போடவில்லையே?”

“போட்டிருக்கும். யாரு படிச்சீங்க?”

ஏற்றி வைத்தேன். உப்பு வெளுத்தது. மேரி கைதட்டினாள். அஞ்சலை தட்டவில்லை. அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“சார், இதுல என்னை ஒண்ணு எடுப்பீங்களா?”

“தாராளமாக.”

“சும்மா வீட்ல மாட்றதுக்கு இல்ல. ஆபீஸ்ல குடுக்கணும்.”

விஷயம் இதுதான். அஞ்சலையின் மகள் பன்னிரண்டாவது தேறிவிட்டாள். அடுத்த மாதம் கல்லூரியில் சேர்க்க வேண்டும். தாயிடம் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் படிப்புக்கு உதவி கிடைக்கும். அட்டைக்கு மனு போட டவுன் ஆபீசுக்குப் போனால், உப்பளத்தில் வேலை செய்வதற்கு அத்தாட்சி கேட்டார்கள். உப்பள முதலாளி ஆட்களுக்காக எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார். போட்டால் நாளைக்கு ஏதாவது பொறுப்பு வந்து சேரும் என்று பயம். கடிதம் இல்லையென்றால் வேலை செய்யும் இடத்தில் எடுத்த போட்டோவாவது கொண்டுவா என்று கிளார்க் இறங்கிவந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஊர் ஸ்டூடியோக்காரர் சேற்றில் இறங்க மாட்டேன் என்றுவிட்டாராம்.

“அவ்வளவுதானே, இப்போதே எடுக்கிறேன்” என்றேன்.

“இப்பவா? இந்தக் கோலத்துலயா?” என்று சட்டையைப் பிடித்துக் காட்டினாள். “நாளைக்கு எடுங்க சார்.”

மத்தியானம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் சாப்பிட்டேன். மீன் குழம்பு பிரமாதம். ரசத்தில் உப்பு இல்லை. கேட்டதற்குப் பரிமாறுகிறவர் ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். சென்னையில் என் வீட்டில் இருக்கும் அதே பாக்கெட். வேறு மாநிலத்து உப்பு.

“இந்த ஊர் உப்பு இல்லையா?”

“அது கல்லு சார். எலையில போட்டா எப்பக் கரையறது?”

புதன்கிழமை ஐந்தரை மணிக்கு வரப்பின்மேல் எட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முந்தின நாள் பார்த்தவர்கள்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அஞ்சலை அரக்கு நிறத்தில் ஜரிகைக் கரை போட்ட புடவை கட்டியிருந்தாள். தலை நிறைய மல்லிகை. எட்டு முகத்திலும் பவுடர். கையில் பலகையும் இல்லை, கூடையும் இல்லை.

“வேலை செய்கிற படம்தானே ஆபீசில் கேட்டார்கள்?”

“வேலை எங்க போவுது? மொதல்ல போட்டோ எடுங்க.”

“பலகையையாவது கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.”

“ஏன் சார், நீங்க போட்டோ புடிச்சுக்கறப்போ பேனாவும் பேப்பருமாவா நிப்பீங்க?” என்றாள் மேரி. எட்டுப் பேரும் சிரித்தார்கள். என் கல்யாண போட்டோவை நினைத்துப் பார்த்தேன். அதில் பேனா இல்லை.

தனித்தனியாக எட்டுப் படம், சேர்ந்தாற்போல் ஒன்று. இரண்டு படி ஏற்றி வைத்ததை நான் மறந்துவிட்டிருந்தேன். அதன்மேல் பவுடர் வேறு. துண்டுக்குள் குனிந்து பார்த்தால் முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பொத்தானைத் திருகினேன். மேரி என் கையைத் தட்டிவிட்டாள்.

“அய்ய, எதுக்கு மாத்தறீங்க? நான் இம்மாம் கலரா இருக்கறது எனக்கே இப்பத்தான் தெரியுது.”

மற்றவர்களுக்கு வெளிச்சத்தைக் குறைத்து மறுபடி எடுத்தேன். மேரி தன் படத்தை அப்படியே விடச் சொல்லிவிட்டாள்.

பிறகு கீற்றுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பழைய புடவையும் சட்டையுமாகத் திரும்பி வந்தார்கள். அத்தாட்சிப் படம் இப்போதுதான் ஆரம்பம். இதில் ஒரு சிக்கல் இருப்பது கேமராவைக் கண்ணில் வைத்த பிறகே தெரிந்தது. உப்பு வாருகிறவள் குனிந்திருக்கிறாள், முகம் தெரிவதில்லை. முகத்தைத் தூக்கச் சொன்னால் பலகை நின்றுவிடுகிறது, வேலை தெரிவதில்லை. உள்ளேயிருக்கும் பிளாஷைப் போட்டுப் பார்த்தேன். அது தவளைபோல் தலைக்குமேல் துள்ளி எழுந்தது. “அய்யோ!” என்று அஞ்சலை பலகையைப் போட்டாள்.

வடிந்த உப்பைத் தலையில் சுமக்கும்போதுதான் வழி கிடைத்தது. கூடை தலையில் இருந்தால் முகம் நேராகத்தான் இருக்க வேண்டும். ஆபீஸில் கொடுத்திருந்த நீள லென்ஸை மாட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன். லென்ஸை மாற்றும்போது கடற்காற்று பலமாக அடித்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

இந்தக் கேமரா நொடிக்கு மூன்று படம் எடுக்கிறது. ஐந்து வினாடி போனதும் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. அது எரிந்து முடிவதற்குள் அஞ்சலை கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். கூடையிலிருந்து உப்புத்தண்ணீர் முகத்தில் வழிவதால் பாதிப் படங்களில் கண்ணை மூடியிருந்தாள். மீதிப் பாதியில் மேஸ்திரி இருந்தார்.

மேஸ்திரி ஐம்பது வயதுக்காரர். கட்டம் போட்ட சட்டை, பையில் ஆள் குறிக்கும் நோட்டு, நோட்டுக்குப் பின்னால் சீப்பு. கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் அவருக்கு ஏதாவது வேலை இருந்தது. அஞ்சலை கூடையோடு வந்தால் பின்னாலேயே நடந்து வந்தார். அம்பாரத்தைப் பார்த்தால் அதன் முன்னால் கைகட்டி நின்றார்.

“சார், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா?”

“பரவால்ல சார், எனக்கு வெயில் பழக்கம்தான்” என்றார்.

மத்தியானம் லாட்ஜ் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். மெமரி கார்டில் எழுபது படம் கொள்ளும், நிறைந்துவிட்டது. பிலிமில் கெட்டுப்போன படமும் சுருளிலேயே கிடக்கும். இதில் குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்திப் பழகியவுடன் அது ஒரு சுகம். கண் மூடியவை போயின. மேஸ்திரி குறுக்கே வந்த பதினொரு படங்களும் போயின. அஞ்சலை கூடையுடன் தனியாக, கண்ணைத் திறந்தபடி நடந்து வரும் ஒரு படம் மிஞ்சியது. அதுவே போதும் என்று நினைத்தேன்.

நான்கு மணிக்கு அஞ்சலையும் மேரியும் கடைத்தெருவுக்கு வந்திருந்தார்கள். டீக்கடைப் பந்தல் நிழலில் திரையைக் காட்டினேன்.

“நல்லா இருக்குது சார்” என்றாள் அஞ்சலை. “மேஸ்திரி இருந்ததக் காட்டுங்க.”

“அதையெல்லாம் அழித்துவிட்டேன். குறுக்கே வந்து கெடுத்துவிட்டார்.”

அவள் மேரியைப் பார்த்தாள். மேரிதான் சொன்னாள்.

“என்னா சார் நீங்க! அவர உள்ள இழுக்கறதுக்குத்தான அக்கா அந்தப் பக்கமாவே சுத்திச் சுத்தி நடந்துச்சு? கூடைய யார் வேணா தலையில வச்சிக்கினு நிக்கலாம். மேஸ்திரிய ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். மொதலாளி காயிதத்த எடுத்துக்கினு மாசத்துக்கு நாலு தடவை அங்க போறவரு.”

“என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“அவரு காதுல விழறாப்ல எப்பிடி சார் சொல்றது?” என்றாள் அஞ்சலை. “அவருக்குத் தெரிஞ்சா நிப்பாரா?”

இருபது வருடம் செய்தி எழுதியவன், செய்தி எது என்று தெரியாமல் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தேன். அழித்த படத்தைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று சேகரிடம் போனில் கேட்டேன். “அதனாலதான் எங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க” என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு மேஸ்திரி எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். சலவை செய்த வெள்ளைச் சட்டை. கூலிங்கிளாஸ். கூலிங்கிளாஸ் போட்டால் இவரை யாருக்கு அடையாளம் தெரியும்?

“சார், கண்ணாடி கறுப்பாக விழும். கழற்றிவிடுங்களேன்.”

“இருக்கட்டும் சார், ஒரு கெத்தா இருக்கும்.”

அஞ்சலை கூடையை இறக்காமலே, “கண்ணாடியில மேஸ்திரி மாதிரியே இல்ல. சைட் பாக்க வந்த இஞ்சினியரு மாதிரி இருக்குது” என்றாள். அது பாராட்டா கிண்டலா என்று அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

கூடையுடன் அஞ்சலை. இரண்டடி தள்ளி, நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, அம்பாரத்தைச் சுட்டிக்காட்டியபடி மேஸ்திரி. பின்னால் பாத்திகள். உப்பு வெள்ளையாக இருந்தது, இரண்டு முகமும் தெரிந்தன, நான்கு கண்ணும் திறந்திருந்தன. மூன்று படம் எடுத்தேன். எதையும் அழிக்கவில்லை.

நான் பையைக் கட்டும்போது மேஸ்திரி பக்கத்தில் வந்து சீப்பை எடுத்தார். காற்றுக்கு எதிராகத் தலையை வாரியபடி, என்னைப் பார்க்காமல் பேசினார்.

“லெட்டர் குடுக்கக் கூடாதுன்னாரு மொதலாளி. போட்டோ பத்தி ஒண்ணும் சொல்லல.” சீப்பைத் தட்டிப் பையில் வைத்தார். “எனக்கும் ஒரு காப்பி போடுங்க சார். பெரிய சைஸ்ல.”

பிரிண்ட் போடப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். பொம்மையார்பாளையத்தில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்து, “எல்லாரும் எறங்கிக்கோங்க, காத்து வாங்கலாம்” என்றார். சாலையோரம் நின்று பழக்கதோஷத்தில் படங்களைப் புரட்டினேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். புதன்கிழமை லென்ஸ் மாற்றியதற்குப் பின்னால் எடுத்த எல்லாப் படங்களிலும், ஒரே இடத்தில், ஒரு கரும்புள்ளி. மேஸ்திரியும் அஞ்சலையும் இருக்கும் படத்தில் அது மேஸ்திரியின் இடது கன்னத்தில் விழுந்திருந்தது.

மொபெட்டில் போன வெள்ளைக்காரர் ஒருவர் என் கேமராவைப் பார்த்து நிறுத்தினார். இடையஞ்சாவடியில் குடியிருப்பவராம். அவரிடமும் அதே கேமரா இருந்தது. புள்ளியைக் காட்டினேன்.

“தூசு. உள்ளே உட்கார்ந்துவிட்டது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “லென்ஸை எங்கே மாற்றினீர்கள்?”

“உப்பளத்தில்.”

யாரோ இறந்த செய்தியைக் கேட்டவர்போல் ஹெல்மெட்டைக் கழற்றினார். பிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புதுத் துண்டு வந்துவிடும், இதில் எல்லாப் படமும் ஒரே தகட்டில்தான் விழுகிறது, துடைக்கும்வரை தூசும் கூடவே வரும் என்று விளக்கினார். வாயால் மட்டும் ஊதாதீர்கள் என்று இரண்டு முறை எச்சரித்துவிட்டுப் போனார்.

புதுச்சேரி ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், புள்ளியை எடுத்துவிடட்டுமா, பத்தே நிமிடம்தான் என்றார். இரண்டு முகத்தையும் சிவப்பாக்கவும் தயாராக இருந்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே போடச் சொன்னேன். மேஸ்திரிக்குப் பெரிய சைஸில் ஒன்று, எட்டுப் பேருடைய பவுடர் படங்களிலும் சின்ன சைஸில் ஒவ்வொன்று.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நானும் அஞ்சலையும் டவுன் ஆபீஸில் இருந்தோம். அவள் அரக்குப் புடவை கட்டியிருந்தாள். கிளார்க் போட்டோவைக் கையில் வாங்கியதும், “அட, நம்ம மேஸ்திரி!” என்றார். அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கிளார்க் போட்டோவைத் திருப்பிப் பார்த்தார். கவரைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“நெகடிவ் எங்க?”

“இது டிஜிட்டல். நெகடிவ் கிடையாது.”

“நெகடிவ் இல்லாம எப்பிடி சார்? இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல எந்தத் தலைய எந்த ஒடம்புல வேணா ஒட்டறாங்க. போன மாசம் ஒருத்தர் கப்பல்ல வேலை பாக்கற மாதிரியே கொண்டாந்தாரு. இந்தா, மேஸ்திரி கன்னத்துல என்னா இது? ஒட்டின எடம்தான?”

“தூசு.”

“போட்டோவுக்குள்ளயா?”

அஞ்சலை பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். “சத்தியமா அவரு என் பக்கத்துலதான் சார் நின்னாரு” என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அந்த நான்கு நாளில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

பையிலிருந்து கேமராவை எடுத்தேன். பேட்டரிக் குறி கண்சிமிட்டியது. அந்தப் படத்தைத் திரையில் கொண்டுவந்து கிளார்க்கின் கையில் கொடுத்தேன். பெரிதாக்கும் பொத்தானைக் காட்டினேன். அறைக்குள் வெயில் இல்லாததால் துண்டு தேவைப்படவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அழுத்தினார். மேஸ்திரியின் முகம் வந்தது. இன்னும் அழுத்தினார். கன்னம் வந்தது. புள்ளி வந்தது.

“உள்ளயே இருக்குதே!”

“அடுத்த படத்தையும் பாருங்கள்.”

அடுத்ததில் புள்ளி திரையில் அதே இடத்தில், ஆனால் அம்பாரத்தின்மேல் இருந்தது. அதற்கடுத்ததில் வானத்தில். கிளார்க் மூன்றையும் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இது என்ன விலை என்று கேட்டார்.

போட்டோவின் பின்பக்கத்தில் கிளார்க் எழுதினார்: “அசல் படம் கேமராவில் பார்க்கப்பட்டது. புள்ளி உட்பட.” கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மனுவோடு சேர்த்துக் குத்தூசியில் கோத்தார்.

“அட்டையில ஒட்டறதுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் குடும்மா.”

அஞ்சலை மணிபர்ஸைத் திறந்தாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கேமராவைத் திருப்பிக் கொடுத்தேன். நிருபர்கள் எடுக்கலாம், சேகரும் கூட வந்தால் நல்லது என்று குறிப்பு எழுதினேன். சேகர் அதைப் படித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் கடைசியில் ஆபீஸ் முகவரிக்கு ஒரு கவர் வந்தது. அனுப்பியிருந்தது அஞ்சலையின் மகள். உள்ளே நலவாரிய அட்டையின் ஜெராக்ஸ். தொழில் என்ற இடத்தில் ‘உப்பளம்’ என்று இருந்தது. ஜெராக்ஸில் முகம் கறுப்பாகத்தான் விழுந்திருந்தது. தலையில் வைத்திருந்த பூ மட்டும் வெள்ளையாக இருந்தது.